ராத்திரி அரிப்புக்கு மூல ஊசி எதற்கு?

கேள்வி: எனக்கு 41 வயது. கொழிஞ்சாம்பாறை பக்கம் தேங்காய் வியாபாரம். மூன்று மாதமாக ராத்திரி படுத்துக் கொஞ்ச நேரத்தில் ஆசனவாயைச் சுற்றித் தாங்க முடியாத அரிப்பு. பகலில் ஒன்றும் இல்லை. வலி, ரத்தம் எதுவும் கிடையாது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு போட்டால் நாலு நாள் அடங்குகிறது, மறுபடி வருகிறது. மலப் பரிசோதனையில் குறை இல்லை. பொள்ளாச்சியில் ஓர் இடத்தில் ‘மூலத்தின் ஆரம்பம்’ என்று சொல்லி, ஊசி போட 6,000 ரூபாய் கேட்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? யுகேஜி படிக்கும் சின்னவனும் தூக்கத்தில் புரண்டுகொண்டே இருக்கிறான்.

பதில்: போட்டுக்கொள்ளாதீர்கள். 6,000 ரூபாய் பையிலேயே இருக்கட்டும்.

கடைசி வரியில் சின்னவனைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. ராத்திரி மட்டும் அரிப்பு, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவனுக்கும் தூக்கம் சரியில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கீரிப்பூச்சியை. உங்கள் பக்கத்து மலையாளத்தில் ‘கிருமிகடி’. அடுத்தவன் நன்றாக இருந்தால் பொறுக்காதவனைக் கேலி செய்யவும் அதே சொல்தான். அதனால்தானோ என்னவோ, நாற்பது வயது ஆள் யாரும் தனக்கு அது இருக்கிறது என்று வாய் திறப்பதில்லை. குழந்தைகளிடம் அதிகம் என்பது உண்மை. அவர்களைக் கழுவிவிட்டு, ஊட்டிவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்கிற பெரியவர்களையும் அது விடாது.

புழு வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். பெண் புழு ஒரு சென்டிமீட்டர் நீளம். நீங்கள் தூங்கியதும் குடலிலிருந்து வெளியே வந்து, ஆசனவாய்ச் சுருக்கங்களில் பத்தாயிரம் முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். அரிப்பு அந்த நேரத்தில்தான். தூக்கக் கலக்கத்தில் சொறிகிறீர்கள், முட்டை நகக்கண்ணில் ஏறுகிறது. ஆறு மணி நேரத்துக்குள் அது அடுத்த ஆளுக்குத் தொற்றத் தயார். காலையில் அதே விரல் இட்லியைப் பிட்கிறது.

முட்டை இருப்பது வெளியே, தோலில். அதை மலத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெரும்பாலும் கிடைக்காது. இது ஒவ்வொரு மருத்துவப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனாலும் அரிப்பு என்று போனால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து ‘மலம் கொண்டுவாங்க’ என்கிறார்கள். சீட்டில் அச்சடித்திருப்பது அதுதான், டிக் அடிப்பது சுலபம். தோலில் டேப் ஒட்டி எடுத்து முட்டை இருக்கிறதா பாருங்கள் என்று நான் எழுதி அனுப்பினால், பாதி ஆய்வகங்களில் ‘அப்படி ஒரு டெஸ்ட் லிஸ்டில் இல்லையே சார்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு ரூபாய் டேப்புக்கு லிஸ்டில் என்ன இடம் இருக்கப்போகிறது, சரி.

அதை வீட்டிலேயே எடுக்கலாம். கண்ணாடி போலத் தெளிவான செலோடேப் வேண்டும், மங்கலானது ஆகாது. விடிந்ததும், கக்கூஸ் போவதற்கு முன், கால் கழுவுவதற்கு முன், குளிப்பதற்கு முன். இதை மூன்று தடவை சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: நம் ஊரில் எழுந்ததும் தண்ணீரில் கழுவிவிடுகிறோம், சாட்சி முழுக்கப் போய்விடுகிறது. டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு ஸ்பூனின் முதுகில் சுற்றி, ஆசனவாய் ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் அழுத்தி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கொடுங்கள். ஸ்பூனைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்தடுத்து மூன்று நாள் எடுத்தால் தப்பிப்பது அரிது. அதைவிடச் சுலபம், பையன் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பது. நெளிவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்த ஊசிக்காரர்களுக்கு வருகிறேன். ‘கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மூலம் பவுத்திரம் ஒரே நாளில் குணம்’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்களே, அவர்களிடம் அரிப்பு என்று போனாலும் மூலம்தான், மலச்சிக்கல் என்று போனாலும் மூலம்தான். வாசலில் இறக்கிவிடும் ஆட்டோக்காரருக்குக் கமிஷன் உண்டு. அந்த ஊசியில் என்ன மருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள். இப்படி ஊசி வாங்கி, தசை வெந்து, வழி சுருங்கி, மலம் போகவே அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு ஆரம்பத்தில் இருந்தது வெறும் அரிப்பு. மூலத்துக்கு முறையான ஊசியும் இருக்கிறது, அதைப் படித்த அறுவை மருத்துவர் உள்ளே குழாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். உங்களை யாராவது அப்படிப் பார்த்தார்களா?

களிம்பும் இதே கதைதான். நாலு நாள் அடங்குகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். குழாயைத் திருப்பிப் பாருங்கள், குளோபெட்டசால் என்று இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த இடத்துத் தோல் மெல்லியது, மாதக்கணக்கில் போட்டால் இன்னும் நைந்துபோகும். படர்தாமரை இருந்தால் மேலும் பரவும்.

மருந்து அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, மென்று விழுங்க வேண்டும். ‘பிளஸ்’ என்று இன்னொரு மருந்து சேர்த்ததைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அதே அளவு. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் சாப்பிட வேண்டும். சரியாக இரண்டு வாரம் கழித்து எல்லோரும் மறுபடி. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை நம்பும்படி கொல்லாது. முதல் மாத்திரைக்குப் பிறகு பொரிந்தவற்றைப் பிடிக்கத்தான் இரண்டாவது. எனக்குத் தெரிந்து பத்துக் குடும்பத்தில் எட்டு இங்கேதான் கோட்டை விடுகிறது.

பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கிறார்களே என்பீர்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று தேசியக் குடற்புழு நீக்க நாள் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் தேதி முன்னே பின்னே ஆகும். 1 முதல் 19 வயது வரை ஒரு மாத்திரை, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பாதி. அது உருண்டைப் புழு, கொக்கிப் புழு வகையறாவைக் குறிவைத்தது, ஆறு மாதத்துக்கு ஒன்று அதற்குச் சரி. கீரிப்பூச்சிக்குப் போதாது. பையன் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, முட்டை இருக்கும் அதே பாய்க்கு, அதே அப்பாவிடம் திரும்பி வருகிறான். அப்பாவுக்கு யார் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

‘எல்லோரும்’ என்றேன், அதில் ஒரு விலக்கு. உங்கள் மனைவி கர்ப்பமாக இருந்தால் அவர் சாப்பிடக் கூடாது, முக்கியமாக முதல் மூன்று மாதம். இருக்கலாமோ என்ற சந்தேகம் இருந்தாலும் கூடாது. மாதவிலக்கு இரண்டு நாள் தள்ளியிருந்தால்கூட முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, அப்புறம்தான் மாத்திரை. ‘ஒரு மாத்திரைதானே’ என்று கடைக்காரர் சொல்வார், மாமியாரும் சொல்வார். கேட்காதீர்கள். பரிசோதனையில் இல்லை என்று வந்து மாத்திரை சாப்பிட்டால், இரண்டாவது மாத்திரைக்குப் பிறகும் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பம் உறுதி என்றால் அவருக்குச் சுத்தம் மட்டுமே மருந்து, மீதியை மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை போட்ட மறுநாள் காலை படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். திண்ணையில் நின்று பாயைப் படார் படார் என்று உதறுவது நம் பழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள், முட்டை பறக்கும். இந்த இரண்டு வாரமும் எல்லோரும் காலையில் குளிக்கட்டும், உள்ளாடையைத் தினம் மாற்றுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இனிப்பை நிறுத்துவதால் புழு போகாது, பையனை அதற்காக அழவிடாதீர்கள்.

இரண்டாவது மாத்திரைக்குப் பிறகும் அரிப்பு நின்றபாடில்லை என்றால், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதை முதலில் நிறுத்திவிட்டு, சர்க்கரை பார்த்துக்கொண்டு, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். ரத்தம் தெரிந்தால் அதுவரைகூடக் காத்திருக்காமல் அறுவைப் பிரிவுக்கு. போகும்போது அந்தக் களிம்புக் குழாயையும் எடுத்துப் போங்கள்.