ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள்

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறன்று பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் போய், கார், மின்கம்பி எல்லாம் வேண்டாம் என்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ்காரர்கள் நடத்தும் கிராமத்து மளிகைக் கடை ஒன்றைக் காட்டலாம் என்று நினைக்கிறோம். கார்டு வாங்குவார்களா? போட்டோ எடுக்கலாமா? அம்மா சுத்த சைவம். அங்கே அவருக்கு வாங்க ஏதாவது இருக்குமா?

பதில்: முதலில் கிழமையை மாற்றுங்கள். ஞாயிறன்று எந்த ஆமிஷ் கடையும் திறக்காது. சாலையோரப் பண்ணைகளில் முட்டை விற்கும் பலகையிலேயே 'ஞாயிறு விற்பனை இல்லை' என்று எழுதியிருப்பார்கள். நாட்காட்டியில் நாம் கவனிக்காத விடுமுறைகளும் உண்டு. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், இயேசு விண்ணேறிய திருநாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லான்காஸ்டர் பகுதியில் அக்டோபர் 11 நோன்பு நாள் எல்லாம் அப்படித்தான். விண்ணேற்றத் திருநாள் ஈஸ்டரிலிருந்து 40-வது நாள், எப்போதும் வியாழக்கிழமையில்தான் வரும். அது தெரியாமல் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். கூகுளில் 'திறந்திருக்கிறது' என்றுதான் இருந்தது. போன் செய்தாலும் பெரும்பாலும் யாரும் எடுக்க மாட்டார்கள். பல குடும்பங்களில் போன் வீட்டுக்குள் இருக்காது, வெளியே ஒரு சின்னக் கூண்டுக்குள் இருக்கும். செய்தி சொல்லி வைத்தால் சாவகாசமாகத் திருப்பிக் கூப்பிடுவார்கள்.

நவம்பரில் போவதாக இருந்தால் செவ்வாய், வியாழனையும் தவிர்ப்பது நல்லது. அறுவடை முடிந்து அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் நடக்கும் மாதம் அது. முகூர்த்த நாள் மாதிரி அந்த இரண்டு கிழமைகளில்தான் வைப்பார்கள்.

கார்டு விஷயம் கடைக்குக் கடை மாறும். பெரிய கடைகள் சில வாங்குகின்றன. உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கும் சின்னக் கடைகளில் ரொக்கம் அல்லது செக் மட்டும்தான். ஐந்து, பத்து, இருபதாகச் சில்லறை நோட்டுகள் எடுத்துப் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் இருட்டாகத் தெரியும். வெளியிலிருந்து மின்சாரக் கம்பியை வீட்டுக்கோ கடைக்கோ இழுப்பதை அவர்கள் ஏற்பதில்லை. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெளிச்சமும் கேஸ் விளக்கோ பேட்டரி விளக்கோதான். அலமாரி முழுக்கக் கண்ணாடித்தாள் பைகள். மாவு, ஓட்ஸ், பட்டை, கிராம்பு, நட்ஸ் எல்லாம் மூட்டையில் வாங்கி, பிரித்து எடைபோட்டு, பெயரும் விலையும் ஒட்டியிருப்பார்கள். பிராண்ட் எதுவும் இருக்காது. நம்மூர்ப் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டிய காலத்தை உங்கள் அப்பா நினைத்துக்கொள்வார்.

அம்மாவுக்கு வருவோம். இதில்தான் கவனம் வேண்டும். அவர்கள் சமையலில் பன்றிக் கொழுப்பு சகஜம். 'பை' (pie) என்ற பலகாரத்தின் வெளி ஓட்டுக்கான மாவை அதில்தான் பிசைவது பழைய வழக்கம். சர்க்கரைப் பாகு ஊற்றிய ஷூஃப்ளை பை பார்க்கச் சைவமாகத்தான் இருக்கும், லேபிளில் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் 'லார்ட்' (lard) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நூடுல்ஸில் முட்டை, மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், சில சீஸ்களில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். சிவப்பாக மின்னும் பீட்ரூட் ஊறுகாய் ஜாடிக்குள் அவித்த முட்டை மிதக்கும். 'சௌ-சௌ' என்று எழுதிய ஜாடியைப் பார்த்து நம்மூர்க் காய் என்று ஏமாற வேண்டாம். பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாயை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டது. சைவம்தான், ஆனால் ஊறுகாய் என்று நினைத்து வாயில் வைத்தால் முகம் சுளிக்கும்.

தயங்காமல் வாங்க வேண்டியது ஆப்பிள் பட்டர். பெயரில்தான் பட்டர், ஆப்பிளைப் பட்டையும் கிராம்பும் போட்டு மணிக்கணக்கில் கிளறிச் சுண்டவைத்த விழுது. சப்பாத்திக்கு நன்றாகப் போகும். அடுத்தது, தடியாக உருட்டித் தாளில் சுற்றிய இரண்டு பவுண்டு வெண்ணெய். பெரும்பாலும் உப்புப் போட்டதாக இருக்கும், உப்பில்லாதது இருக்கிறதா என்று கேளுங்கள். அதை உருக்கி இறக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டால் அம்மாவுக்கு ஊர் நெய் வாசனை வந்துவிடும். எடிசனில் முருங்கைக்கீரைக்கா பஞ்சம்?

போட்டோ: முகம் தெரிய எடுக்காதீர்கள், குழந்தைகளை அறவே வேண்டாம். விக்கிரகம் செய்யக் கூடாது என்ற பைபிள் கட்டளையையும் தன்னை முன்னிறுத்தாத பணிவையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அவர்கள். வயலையும் களஞ்சியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு. கல்லாவில் இருக்கும் பெண்ணிடம் "கார் ஏன் ஓட்டுவதில்லை?" என்று விசாரிப்பதும் வேண்டாமே, பக்கத்துப் பண்ணை வீட்டுக்காரர்கள் மாதச் சாமான் வாங்க வரும் கடை அது. தங்களுக்குள் ஒரு வகை ஜெர்மன் பேசுவார்கள், நம்மிடம் சரளமாக ஆங்கிலம். வெளியாட்கள் யாராக இருந்தாலும் அவர்கள் பேச்சில் 'ஆங்கிலேயர்'தான். திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் அப்பா அங்கே ஆங்கிலேயர்!

வழியில் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள் எதிர்ப்படும். பின்னால் போய் ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். எதிரே சாலை தெளிவாகத் தெரியும் வரை பொறுத்திருந்து, நன்றாக விலகி முந்துங்கள். கடை வாசலில் குதிரை கட்டும் கம்பத்தருகே காரை நிறுத்தக் கூடாது.

டிக்கியில் ஐஸ் போட்ட கூலர் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோடையில் எடிசன் வந்து சேர்வதற்குள் வெண்ணெய் தானாகவே உருகியிருக்கும்.