துருக்கியில் தடுக்கி விழும் கட்டளை

கேள்வி: நான் உருவாக்கிவரும் நிரல்மொழியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. அந்த நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை ஜாவாவில் எழுதியிருக்கிறேன். துருக்கி மொழி அமைப்புள்ள கணினியில் மட்டும், பெரிய எழுத்தில் அடித்த 'பிரிண்ட்' கட்டளை தெரியாது என்கிறது. ஏன்?

பதில்: துருக்கியில் 'ஐ' எழுத்து இரண்டு: புள்ளியுள்ளது, புள்ளியில்லாதது. எழுத்துகளைச் சிறிதாக்கும் ஜாவாவின் 'டுலோயர்கேஸ்' அந்தக் கணினியின் மொழியைப் பார்த்து, பெரிய 'ஐ'யைப் புள்ளியில்லாத சிறிய எழுத்தாக (எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் தரத்தில் 0131) மாற்றிவிடுகிறது. அது உங்கள் கட்டளைப் பட்டியலில் இருக்காது. எந்த மொழியையும் சாராத 'லொகேல்.ரூட்' என்பதைச் சேர்த்து அதை அழையுங்கள்; கட்டளைகளுக்கு அது போதும்.

பயனர் வைக்கும் பெயர்களுக்குப் போதாது. ஜெர்மன் மொழியின் 'எஸ்ஸெட்' என்ற எழுத்தைப் பெரிதாக்கினால் இரண்டு 'எஸ்' ஆகும். திரும்பச் சிறிதாக்கினால் பழைய எழுத்து வராது. அதனால், பெரிய-சிறிய வேறுபாட்டை நீக்கி ஒப்பிட உதவும் யூனிகோடின் 'கேஸ் ஃபோல்டிங்' அட்டவணையையே பயன்படுத்துங்கள். அதில் பொதுவான 'சி' வரிகளும், ஓரெழுத்து பல எழுத்தாகும் 'எஃப்' வரிகளும் வேண்டும். துருக்கிக்கான 'டி' வரிகளைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

தமிழில் பெரிய, சிறிய எழுத்து இல்லை என்று இதைத் தாண்டிவிடாதீர்கள். 'கொ'வின் துணையெழுத்தை 0பிசிஏ என ஒரே குறியாகவும், 0பிசி6, 0பிபிஇ என இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கம்பைலருக்கோ இரு வேறு பெயர்கள். ஒப்பிடுமுன், இவற்றை ஒரே குறியாக்கும் யூனிகோடின் 'என்எஃப்சி' வடிவுக்கு மாற்றுங்கள். பிழைச்செய்தியில் காட்ட, பயனர் அடித்த மூலப்பெயரையும் தனியே வைத்திருங்கள்.