சி() போட்டால் 3 டேபிள் ஏன் 12 ஆகிறது

மூன்று மாத விற்பனை டேபிள்களை ஆர் (R) மொழியில் சி(), அதாவது c() ஃபங்ஷன் போட்டுச் சேர்த்தால் லெங்த் 3 வராமல் 12 வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது சரியான விடைதான். டேட்டா ஃபிரேம், அதாவது ஆர் மொழியின் டேபிள், உள்ளுக்குள் ஒரு லிஸ்ட், அதன் ஒவ்வொரு உறுப்பும் ஒரு நெடுவரிசை (column), அதனால் சி() உங்கள் டேபிள்களைப் பிரித்து 4 நெடுவரிசை வீதம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டிவிடுகிறது, எது எந்த மாதம் என்பதே தெரியாமல் போகும். லிஸ்ட்() போடுங்கள், டேபிள் டேபிளாகவே இருக்கும். லூப்புக்குள் சேர்ப்பதாக இருந்தால் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எண் கொடுத்து வையுங்கள். அப்புறம் கடைசியில் ஒரே ஒரு தடவை டூ.கால் (do.call) வழியாக ஆர்பைண்ட் (rbind, டேபிள்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டுவது) போடுங்கள், லூப்புக்குள் ஆர்பைண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் முழு டேபிளையும் திரும்பக் காப்பி எடுக்கும். லிஸ்டுக்கு மாதப் பெயர்கள் வைத்திருந்தால் டேட்டா.டேபிள் (data.table) பேக்கேஜின் ஆர்பைண்ட்லிஸ்டில் (rbindlist) ஐடிகால் (idcol) கொடுங்கள், மாதம் தனி நெடுவரிசையாக வந்துவிடும்.