கஷ்டத்தைத் தாங்கும் பலத்தைக் கிறிஸ்தவ விசுவாசத்தால் உண்மையிலேயே வளர்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் கஷ்டம் வந்த பிறகு உட்கார்ந்து வளர்க்க நேரம் இருக்காது.

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் பார்க்காமல் சொன்னால்தான் சோறு. பசி நேரத்தில் நாங்கள் நாலு பேரும் முந்திக்கொள்வது யோவான் 11:35-க்குத்தான். ‘இயேசு கண்ணீர் விட்டார்.’ மொத்த வசனமும் அவ்வளவுதான். முந்தினவருக்கு யோகம். பிந்தினவர் நீளமாக ஒன்றைத் தேட வேண்டும். அப்பாவும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன். மடியில் பைபிள் இருக்கும், திறக்க மாட்டேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் அந்த மாதத்துப் பில் கணக்குதான் ஓடும். அப்படி ஒரு நாள், கூப்பிடாமலே வந்து நின்றது அந்தச் சோத்து வசனம்.

செத்துப்போன தன் சிநேகிதன் லாசருவை எழுப்பப் போகிறேன் என்று சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் இயேசு கிளம்பியிருக்கிறார். அப்படியும் கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். அழுதால் விசுவாசம் குறைவு என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அந்த வராந்தாவில் வைத்தே அழுது தீர்த்தேன். பிறகு முகம் கழுவிவிட்டு உள்ளே போனேன். அவர் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு கிடந்தார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், தாகத்துக்கு அதுதான் வழி. அன்றைக்குத்தான் முதல் முறையாக “பயமா இருக்கா?” என்று அவரிடம் கேட்க முடிந்தது.

ஜெபக்குழுவில் ஒருவர், “மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை செய்யுங்க” என்றார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து ‘நீ பாவம் செய்திருப்பாய்’ என்ற பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்த முதல் ஏழு நாள் ரகம். தூக்குவாளியில் எனக்குக் கஞ்சியும் காணத் (கொள்ளு) துவையலும் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்.

யோபு என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசு ஊழியர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து ஒடிந்துபோயிருந்தவரிடம், 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு ராஜாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் யோபுவின் கதையைத்தான் சொன்னார் என்பார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அவர் பெற்ற தேவசகாயம் என்கிற பெயர், லாசரு என்பதன் தமிழ்தான்! சரி, கஷ்டம் தீர்ந்ததா? அதற்குப் பிறகுதான் சிறை, சித்திரவதை, கடைசியில் 1752-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022-ல் போப் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் ‘விசுவாசித்தால் கஷ்டம் ஓடிவிடும்’ என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் என் மனசு காற்றாடிமலைக்குப் போய்விடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். நல்லா இருக்கிற நாளிலேயே மனப்பாடம் பண்ணுங்கள், சத்தமாக. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று நேராகச் சண்டையில்தான் தொடங்கும். ஐந்தாம் வசனத்தில் நம்பிக்கைக்குத் திரும்பும். அது வாயில் வராத நாளும் உண்டு, அப்போது நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் மாதக்கணக்கில் நாலோடு நிறுத்தியிருக்கிறேன்.