ரப்பீஸ் மேல் நட்ட எலுமிச்சை

கேள்வி: ஐயா, வணக்கம். கூடுவாஞ்சேரியில் 1994இல் கட்டிய வீடு ஒன்றைச் சென்ற சித்திரையில் வாங்கினோம். சனி, ஞாயிறு மட்டும்தான் எனக்கு நேரம். சுவர்களில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தோம். குளியலறைத் தரையை உடைத்து மாற்றினோம். பின்புறம் ஒரு லோடு செம்மண் கொட்டி, ஆடியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி நட்டேன். இப்போது மூன்றிலும் துளிர் இலைகள் மஞ்சளாக வெளிறுகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. உரக்கடையில் இலையைக் காட்டினேன். டி.ஏ.பி. உரமும் ஒரு டானிக் பாட்டிலும் கொடுத்தார். இரண்டு மாதமாகப் போட்டும் மஞ்சள் கூடத்தான் செய்கிறது. வேறு எந்த மருந்து அடிக்கலாம்? சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் தென்னையின் வேர் சுவரைப் பிளந்துவிடுமா? வெட்டிவிடலாமா?

பதில்: தென்னையை முதலில் முடித்துவிடுகிறேன். வெட்ட வேண்டாம். தென்னைக்கு ஆல், அரசு போலப் பருத்துக்கொண்டே போகும் வேர் கிடையாது. விரல் பருமனில் நார்வேர்தான். அடித்தூர் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் ஒழிய அது சுவருக்குப் பகை இல்லை.

இனி மஞ்சள் இலை. எந்த மருந்து என்று கேட்டிருக்கிறீர்கள். சுரண்டிய சுண்ணாம்பையும் உடைத்த தரையையும் எங்கே கொட்டினீர்கள் என்பதை எழுதவில்லை. உங்களுக்குப் பதிலாக நானே சொல்லிவிடுகிறேன்: கொத்தனார் அதைப் பின்புறத்தில் தள்ளிச் சமன் செய்தார், அதன் மேல்தான் அந்தச் செம்மண் விழுந்தது. கொத்தனார்கள் ரப்பீஸ் என்று சொல்லும் அந்தக் குப்பையின் மேல் உங்கள் எலுமிச்சை நிற்கிறது.

வரும் சனிக்கிழமை மண்வெட்டியை எடுங்கள். எலுமிச்சையிலிருந்து இரண்டடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அரை அடி சிவப்பாக வரும். அதற்குக் கீழே மண்வெட்டி 'கணக்' என்று ஒலிக்கும். பூச்சுக் கட்டி, ஓட்டுத்துண்டு, சிமெண்டுச் சாக்கின் நூல், இந்தப் பக்கம் நீலமும் அந்தப் பக்கம் வெள்ளையுமாகச் சுவரிலிருந்து உரிந்த செதில் எல்லாம் வரும். அந்த ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து உலரவிட்டு, அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சுரீரென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

சுண்ணாம்பு கூடிய மண்ணில் காரத்தன்மை ஏறும். இரும்பு மண்ணில் இருந்தும் கரையாது, வேருக்குக் கிட்டாது. இரும்பு கிடைக்காத செடி துளிரில்தான் காட்டும், அதுவும் நீங்கள் எழுதியபடியே நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்றால் அடி இலை முதலில் பழுக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்திருந்தால் கடைக்காரர் டி.ஏ.பி.யைத் தொட்டிருக்க மாட்டார். டி.ஏ.பி.யில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம். அது மிகுந்தால் இரும்பு இன்னும் இறுகிக்கொள்ளும். காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறீர்கள். எல்லாக் கடைக்காரர்களையும் குறை சொல்லவில்லை. ஆனால் செடி எந்த மண்ணில் நிற்கிறது என்று கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டுபவரிடம் இன்னொரு முறை போகாதீர்கள். அந்த டானிக்கில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

செம்மண் லோடு மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வீட்டுத் தோட்டம் என்றாலே ஒரு லோடு செம்மண் என்று ஆகிவிட்டது. எங்கோ பத்தடி ஆழத்தில் தோண்டியெடுத்த, மட்கு துளியும் இல்லாத மண் அது. பார்வைக்கு மட்டும் அழகு. விரிசலை அடைக்காமல் அதன் மேல் பட்டி பார்ப்பீர்களா? தோட்டத்தில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். வேளாண் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே நானும் என் சொந்த வீட்டில் இதைச் செய்தேன். ஒரு நாரத்தை நான்கு வருடம் வெளிறி நின்று பட்டுப்போன பிறகுதான் கீழே தோண்டிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் மண் பரிசோதனை சொல்லிய ஆள்!

கந்தகம் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போடுங்கள்: ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைக்க ஏறக்குறைய 320 கிராம் கந்தகம் வேண்டும். அங்கே 50 கிலோ புதைந்திருந்தால் 16 கிலோ. அதுவும் மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும். புளித்த மோர் ஊற்றுவதும் அப்படித்தான். கறிவேப்பிலைக்குக் கெடுதல் இல்லை, ஊற்றுங்கள். ஆனால் ஒரு வண்டிச் சுண்ணாம்பை ஒரு சொம்பு மோர் வெல்லாது. அள்ளி வெளியேற்றுவதுதான் வழி.

எலுமிச்சை சிறு கன்றுதானே, இடம் மாற்றிவிடலாம். ரப்பீஸ் படாத இடத்தில் இரண்டரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறப்போடுங்கள். பிறகு மாலையில் வேர்மண் உதிராமல் கன்றைத் தூக்கி வையுங்கள். கறிவேப்பிலையையும் செம்பருத்தியையும் அசைக்க வேண்டாம். ஒரு பக்கம் அரைவட்டமாக இடிபாட்டை அள்ளிவிட்டு நல்ல மண் இடுங்கள். இரண்டு மாதம் கழித்து மறுபக்கம்.

வாரத்தில் ஐந்து நாள் காயவிட்டு, சனிக்கிழமை குளம்போல் நிரப்பாதீர்கள். தூரில் ஒரு சாண் விட்டுச் சுற்றிலும் தேங்காய் மட்டை, சருகு போட்டு மூடாக்கு இடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சருகைக் கூட்டி எரிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை இந்தச் செடிகளுக்கு விடாதீர்கள். உப்பு கூடிய நீர் அது.

வேலை முடியும்வரை செடி தாங்க வேண்டுமே, அதற்கு அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் மழைநீர் அல்லது குடிநீரில் 5 கிராம், அதில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். உப்பும் காரமும் கூடிய நீரில் இரும்பு துருவாகப் படிந்து வீணாகும். கலந்தவுடன் மாலை வேளையில் துளிர்கள் நனைய அடியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். மீந்த கரைசல் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். பழைய இலை பச்சையாகவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அடுத்த துளிரைப் பாருங்கள்.

தெளிக்கும்முன் சுவரில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள். புதிதாக அடித்த வண்ணத்தில் அன்னபேதி பட்டால் துருக்கறை. அதைச் சுரண்ட உங்களுக்கு இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.