மாஹோ கடற்கரை: தலைக்கு மேலே வரும் விமானமும் வேலியோரத்தில் காத்திருக்கும் ஆபத்தும்

கரீபியன் கடலில் சின்ட் மார்ட்டன் என்று ஒரு தீவு. மொத்தப் பரப்பே 87 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் ஏறக்குறைய 60 சதவீதம் பிரான்சுக்கு, மீதி நெதர்லாந்துக்கு. 1648-லேயே எல்லை பிரித்துக்கொண்டார்கள். டச்சுப் பக்கத்தில் இருக்கும் இளவரசி ஜூலியானா விமான நிலையத்தின் மேற்கு முனையில், ஓடுபாதையை ஒட்டினாற்போல ஒரு பொதுக் கடற்கரை இருக்கிறது. அதுதான் மாஹோ. குளிப்பவர்களின் தலைக்கு மேலேயே விமானங்கள் இறங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். விமான நிலையத்தில் ஓடுபாதைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், விமானம் உண்மையிலேயே அவ்வளவு தாழ்வாகத்தான் வருகிறதா? இல்லை கேமரா வித்தையா?

இரண்டும்தான். முதலில் கணக்கைப் பார்ப்போம். உலகம் முழுக்கப் பயணிகள் விமானங்கள் சுமார் 3 டிகிரி சாய்வில் இறங்குகின்றன. அதாவது 100 மீட்டர் முன்னே வந்தால் 5 மீட்டர் சொச்சம் கீழே வரும். ஓடுபாதையின் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போது 50 அடி, அதாவது 15 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மாஹோவில் ஓடுபாதை முனைக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு வேலியும் ஒரு ரோடும்தான். அப்படியென்றால் எல்லாம் சரியாக நடந்தாலும் விமானம் மணலுக்கு மேலே ஏறக்குறைய 20 மீட்டரில்தான் பறக்கும். பெரிய விமானம் என்றால் சக்கரங்கள் அதற்கும் சில மீட்டர் கீழே தொங்கும். ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேமரா. தூரத்தில் நின்று ஜூம் லென்ஸில் எடுத்தால் முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் வரும் விமானமும் ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். கையை நீட்டினால் டயரைத் தொடலாம் போல இருக்கும் படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுத்தவை. ஆனாலும் 20 மீட்டர் என்பதே மனிதர்கள் கூடும் இடத்துக்கு மிகக் குறைவு. அதில் சந்தேகம் வேண்டாம்.

கேள்வி: ஏன் எப்போதும் கடல் பக்கத்திலிருந்தே இறங்குகிறார்கள்? மறுபக்கமிருந்து இறங்கினால் கடற்கரைக்கு மேலே வர வேண்டியதில்லையே?

காற்றுதான் காரணம். அந்தப் பகுதியில் வருடம் முழுக்கப் பெரும்பாலும் கிழக்கிலிருந்து காற்று வீசும். விமானம் எதிர்க்காற்றில் இறங்கினால்தான் தரை வேகம் குறையும், குறைந்த தூரத்தில் நிற்கும். அதனால் மேற்கிலிருந்து, கடல் மேலாக, கிழக்கு நோக்கி இறங்குகிறார்கள். அப்புறம் ஓடுபாதையின் கிழக்கே குன்றுகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து இறங்குவது இன்னும் சிக்கல்.

1942-ல் ராணுவத்துக்காகப் போட்ட ஓடுதளம் அது. அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்கு அந்த இடம் போதும். பிறகு ஜெட் வந்தது, ஜம்போ என்கிற பிரம்மாண்டமான போயிங் 747 வந்தது, சுற்றுலா வந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குன்று, நடுவில் 2,300 மீட்டர் ஓடுபாதை. நகர்த்திவைக்க இடமில்லை.

கேள்வி: அண்ணா, இவ்வளவு தாழ்வாக வருவது கீழே நிற்பவர்களுக்கு ஆபத்தா, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆபத்தா?

நல்ல கேள்வி. சரியான சாய்வில் வரும் விமானம் கீழே நிற்பவர்களைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இறங்கும்போது என்ஜின் குறைந்த விசையில்தான் ஓடும். மணல் பறக்கும், தொப்பி பறக்கும், காது அடைக்கும். சாய்வுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. அது முதலில் உள்ளே இருப்பவர்களுக்கு.

2017 மார்ச் 7 அன்று நடந்ததைச் சொல்கிறேன். டொராண்டோவிலிருந்து வந்த வெஸ்ட்ஜெட் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம், மழையில் மாஹோ பக்கம் இறங்க முயன்றது. ஓடுபாதைக்கு இன்னும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே கடல் மட்டத்திலிருந்து 40 அடிக்கு வந்துவிட்டது. வெறும் 12 மீட்டர். அந்த இடத்தில் அது சுமார் 45 மீட்டரில் இருந்திருக்க வேண்டும். விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியது, பைலட்டுகளும் மேலே தூக்கிவிட்டார்கள். பிறகு பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. மழைத்திரை வழியே பார்த்ததில், ஓடுபாதைக்கு இடப்பக்கம் பளிச்சென்று தெரிந்த ஒரு ஹோட்டலை ஓடுபாதைப் பகுதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபாதை விளக்குகளும் பிரகாசம் குறைத்து வைக்கப்பட்டிருந்தன. கீழே கடல் என்பதால் உயரத்தைக் கண்ணால் அளக்க ஒரு பிடிமானமும் இல்லை. வீடு, மரம், ரோடு எதுவும் இல்லாத ஒரே நிறத் தண்ணீருக்கு மேலே நல்ல அனுபவசாலியின் கண்ணும் ஏமாறும்.

கரையிலிருந்து பார்ப்பவர்கள் "இன்னும் கொஞ்சம் தாழ்வாக வரட்டும்" என்று கத்துவதை வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அந்தக் கொஞ்சத்துக்குள்தான் நூறு நூற்றைம்பது பேருடைய உயிர் இருக்கிறது.

கேள்வி: இறங்க வந்து மறுபடி மேலே போனால் பைலட்டுக்குத் திறமை போதாது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. சந்தேகம் வந்தவுடனே மேலே தூக்குகிறவர்தான் நல்ல பைலட். ஆனால் எத்தனை முறை முயல்வது, எரிபொருள் எவ்வளவு இருக்கும்போது வேறு ஊருக்குத் திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். 1970 மே 2 அன்று நியூயார்க்கிலிருந்து இதே சின்ட் மார்ட்டனுக்கு ஏ.எல்.எம். என்ற விமான நிறுவனத்துக்காக வந்த டிசி-9 விமானம், மோசமான வானிலையில் பல முறை இறங்க முயன்றது. கடைசியில் வேறு தீவுக்குத் திருப்பினார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. 63 பேரில் 23 பேர் இறந்துபோனார்கள்.

கேள்வி: அப்படியானால் கரையில் நிற்பது பாதுகாப்புதானே? இறங்கும் விமானம் ஒன்றும் செய்யாது என்கிறீர்களே.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் முழுதாகப் படியுங்கள்.

மாஹோவில் ஆபத்து இறங்கும் விமானத்தில் இல்லை, கிளம்பும் விமானத்தில் இருக்கிறது. கிளம்பும்போதும் எதிர்க்காற்று வேண்டும். அதனால் அதே மேற்கு முனைக்கு வந்து, கடற்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஓடுபாதை நீளம் குறைவு என்பதால் ஒரு மீட்டரையும் வீணாக்காமல் கடைசி முனை வரை பின்னால் வந்து நிற்பார்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே என்ஜின் விசையை ஏற்றுவதும் உண்டு. அத்தனை காற்றும் வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மணலில் வந்து அடிக்கும். அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

காற்றின் விசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 75 கிலோமீட்டர் காற்று, நிற்கும் ஒரு ஆளைத் தோராயமாக 18 கிலோ எடையளவுக்குத் தள்ளும். சமாளித்து நின்றுவிடலாம். அதே காற்று 150 கிலோமீட்டரானால் 70 கிலோவுக்கு மேல். உங்கள் உடல் எடை அளவுக்கே ஒருவர் உங்களைப் பின்னால் இழுப்பதற்குச் சமம். விரல்கள் எவ்வளவு நேரம் தாங்கும்? கை விட்ட பிறகு போய் விழுவது மெத்தென்ற மணலில் அல்ல. பின்னால் தார் ரோடு, கான்கிரீட் தடுப்பு, போகிற வருகிற வண்டிகள். காற்றோடு சேர்ந்து கூழாங்கல்லும் பறந்து வரும்.

2017 ஜூலை 12 அன்று நியூசிலாந்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண் ஒருவர் அப்படித்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பியது ஜம்போ கூட இல்லை, ஒரு போயிங் 737. பிடி நழுவித் தூக்கி எறியப்பட்டார். தலையில் அடிபட்டு உயிர் போனது. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர்.

உயிருக்கே ஆபத்து என்று வெளிப்படையாக எழுதிய எச்சரிக்கைப் பலகை அந்த வேலியிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

கேள்வி: பெரிய சுவர் ஒன்றைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஏன் கட்டவில்லை?

எனக்கும் ஆசைதான். ஆனால் கிளம்பும் விமானத்தின் காற்றைத் தடுக்கும் உயரமான சுவர், இறங்கும் விமானத்தின் வழியில் தடையாக நிற்கும். ஓடுபாதை முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கி 50-க்கு 1 என்ற சாய்வில் மேலே போகும் ஒரு கற்பனைத் தளத்தைச் சர்வதேச விதிகள் வரையறுக்கின்றன. புதிதாகக் கட்டும் எதுவும் அதைத் தாண்டி நீளக் கூடாது. 4 மீட்டர் சுவர் வேண்டுமானால் 60 மீட்டருக்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கே கடல்தான் இருக்கிறது.

கடற்கரையை மூடிவிடலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அந்தத் தீவுக்குச் சுற்றுலாதான் சோறு. விமான நேரங்களை அலைச்சறுக்குப் பலகையில் எழுதி வைத்து வியாபாரம் நடத்தும் பார் கூட அங்கே உண்டு. முழுக்க மூடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விமானம் ஓடுபாதை முனைக்கு வந்து திரும்பும் நேரத்தில் வேலிக்கு நேரே உள்ள அந்தத் துண்டு இடத்தை மட்டுமாவது ஆட்களை நிறுத்திக் காலி செய்ய வேண்டும். சில நிமிட வேலை. பலகை மட்டும் போதாது என்பதை 2017 காட்டிவிட்டது.

கேள்வி: மாஹோ வீடியோக்களில் வரும், நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன ஜம்போவை இப்போதும் பார்க்கலாமா?

முடியாது. கே.எல்.எம்.மின் 747 சேவை அங்கே 2016 அக்டோபரோடு நின்றது. இப்போது இரண்டு என்ஜின் கொண்ட பெரிய விமானங்கள் வருகின்றன.

கேள்வி: இதே மாதிரி வேறு இடம் இருக்கிறதா?

கிரேக்கத்தில் ஸ்கியாதோஸ் தீவு. ஓடுபாதை 1,600 மீட்டர் சொச்சம்தான், முனையில் ரோடு. அங்கேயும் வேலியோரத்தில் நின்று காற்றில் விழுந்து அடிபடுகிறார்கள். அப்புறம் சின்ட் மார்ட்டனுக்குப் பக்கத்திலேயே செயின்ட் பார்ட்ஸ் தீவு. ஓடுபாதை சுமார் 650 மீட்டர். குன்றைத் தொட்டுவிடுவது போலத் தாண்டிச் சட்டென்று இறங்கினால் மறுமுனையில் நேராகக் கடற்கரை. சின்ன விமானங்கள் மட்டுமே போகும், பைலட்டுக்குத் தனிப் பயிற்சி கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீடு சென்னை விமான நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர். மொட்டை மாடியில் நின்றால் பயமாக இருக்கிறது. இதுவும் ஆபத்தான உயரமா?

வீடு ஓடுபாதைக்கு நேர்கோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்குப்படி சுமார் 120 மீட்டர் உயரத்தில் போகும். 40 மாடிக் கட்டட உயரம். சத்தம் தொந்தரவுதான், ஆனால் மாஹோவோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு மாஹோவுக்குப் போகிறோம். எங்கே நிற்பது?

தாராளமாகப் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். ஓடுபாதைக்கு நேரே நிற்காதீர்கள். கடற்கரையின் இரண்டு ஓரங்களில் ஒன்றுக்குப் போய்விடுங்கள், படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும். விமானம் முனைக்கு வந்து உங்களுக்கு வாலைக் காட்டித் திரும்ப ஆரம்பித்தால், அதுவரை எங்கே நின்றிருந்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள். பின்னால் கடலை நோக்கி ஓடினால் அதே காற்றுக்குள்ளேயேதான் ஓடுவீர்கள். சின்னவர்களுக்குக் காது மூடி, எல்லோருக்கும் கண்ணாடி. குடையையும் காற்றடைத்த மிதவையையும் மடக்கியே வையுங்கள். வேலியில் கை வைக்கவே வேண்டாம், பெரியவர்களும்தான்.