ஊருக்குப் பக்கத்தில் அணுமின் நிலையம்: வீட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த சிறிய ஊர் எங்களுடையது. 6 கிலோமீட்டர் தள்ளி அணுமின் நிலையம் வரப்போகிறது என்கிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போதே வீட்டை விற்றுவிடுவது நல்லதா?

பதில்: அறிவிப்பு வந்தவுடன் விற்காதீர்கள். அணு உலை என்பது அறிவித்ததும் எழுந்துவிடும் கட்டடம் இல்லை. பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலைக்கு 2005-இல் வேலை ஆரம்பித்தது. 2009-இல் முடிப்பதாகச் சொன்னார்கள். முறையான மின் உற்பத்தி தொடங்கியது 2023-இல்தான். பிரான்சின் ஃபிளமான்வில்லிலும் ஏறக்குறைய இதே கதை.

அதனால் கதிர்வீச்சுக்கு முன்னால் உங்கள் ஊர் பார்க்கப்போவது லாரிகளைத்தான். ஆயிரக்கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்குவார்கள். வாடகை எகிறும், பள்ளியில் இடம் கிடைக்காது, குடிநீர் போதாது. வேலை முடிந்து அவர்கள் கிளம்பியதும் ஏறின வாடகை இறங்கும். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்: கடன் வாங்கி மாடி கட்டுவார்கள், கடன் முடிவதற்குள் குடியிருக்க ஆள் இருக்காது.

சரி, கதிர்வீச்சுக்கு வருவோம். மண், காற்று, உணவு, விண்வெளி என்று இயற்கையிலிருந்தே நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் பொதுமக்களுக்கான சர்வதேசப் பரிந்துரை வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஒழுங்காக ஓடும் உலையின் பக்கத்தில் வசிப்பவருக்குச் சேர்வது இதில் மிகச் சிறு பங்குதான். என் கவலையெல்லாம் விபத்து நடக்கும் நாளைப் பற்றியது.

ஒரு வரைபடத்தை எடுத்து, உலை வரும் இடத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போடுங்கள். பெரிய உலைகளுக்குச் சர்வதேச அணுசக்தி முகமை சொல்லும் அளவு இது: உடனடியாக வெளியேற்ற வேண்டிய பகுதி 3 முதல் 5 கிலோமீட்டர், அவசர நடவடிக்கைக்குத் தயாராக இருக்க வேண்டிய பகுதி 15 முதல் 30 கிலோமீட்டர். உங்கள் வீடு இரண்டாவதில் விழுகிறது. அப்புறம் ஊரை விட்டு வெளியேறும் சாலைகளில் விரலை ஓட்டுங்கள். இருக்கும் ஒரே நல்ல சாலை உலை வாசல் வழியாகப் போகிறதா? அப்படியென்றால் அதுதான் உங்கள் முதல் பிரச்சினை. செர்னோபில் உலையிலிருந்து வெறும் 3 கிலோமீட்டரில் இருந்த தொழிலாளர் நகரம் பிரிப்யாத். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல்தான் பேருந்துகளில் மக்களை ஏற்றினார்கள். அதுவரை பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அணு விபத்தின்போது கொடுக்கும் அயோடின் மாத்திரையைச் சர்வரோக நிவாரணியாக நினைத்துவிடாதீர்கள். அது காப்பது தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும். தாமதமாகப் போட்டால் பயன் குறையும். பிள்ளைகளுக்கு அளவே வேறு. கேட்க வேண்டியது, மாத்திரை முன்கூட்டியே வீட்டுக்கு வருமா, இல்லை அலுவலக அலமாரியில் பூட்டிக்கிடக்குமா என்பதைத்தான்.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். “பாதுகாப்பாக இருக்குமா?” என்று கேட்டால் “இருக்கும்” என்பார்கள், முடிந்தது. குளிரூட்ட எந்தத் தண்ணீரை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். 1,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் உலை சுமார் 2,000 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அது போகும் நீர்நிலையில் மீன்பிடிப்பவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எத்தனை ஆண்டு வைப்பீர்கள், வெளியேற்ற ஒத்திகை எப்போது என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெளியேற இரண்டாவது சாலைக்கும் ஒத்திகைக்கும் எழுத்தில் உறுதி கிடைத்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் விற்கமாட்டேன். கட்டுமானம் ஆரம்பித்த பிறகும் அது கிடைக்கவில்லை என்றால், வாடகை உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிடுவேன்.